கைரல்னா நாலு வேற குரூப் இருந்தா போதுமா? ஆர்-எஸ், பிளஸ்-மைனஸ், மீசோ எல்லாம் ஒரே குழப்பம்

பாடாங்செராய்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆறாம் படிவம், எஸ்டிபிஎம் பரீட்சைக்கு கெமிஸ்ட்ரி எடுத்திருக்கேன், இப்ப ஆர்கானிக் ஓடிக்கிட்டு இருக்கு. எங்க டவுன்ல கெமிஸ்ட்ரிக்கு தியூஷன் கிடையாது, கூலிமுக்குத்தான் போகணும், வீட்ல இருக்குற ஒரே மோட்டோவ அப்பா விடியக்காலைலயே தோட்டத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு, அதனால இங்கயே கேட்டுடறேன், கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க.

ஸ்ட்ரக்சரல் ஐசோமர் வரைக்கும் எனக்கு பிரச்சனையே இல்ல. எது எதோட ஒட்டியிருக்குன்னு மாறுது, பேரு மாறுது, கொதிநிலை மாறுது, சரி. ஸ்டீரியோஐசோமர்னு வந்ததும்தான் ஒன்னும் ஓடல. நோட்ஸ்ல "ஒரு கார்பன்ல நாலு வேற வேற குரூப் இருந்தா அது கைரல், ரெண்டு எனான்ஷியோமர் வரும்"னு ஒத்த வரில முடிச்சிட்டாங்க. நானும் 2-பியூட்டனால வரைஞ்சு பார்த்தேன், நடுவுல கார்பன், சுத்தி ஓஎச், எச், மெத்தில், எத்தில். பக்கத்துலயே அதோட மிரர் இமேஜையும் வரைஞ்சேன். ஆனா பேப்பர திருப்பிப் போட்டு வெளிச்சத்துல பிடிச்சா முதல் படத்து மேலயே அப்படியே உக்காந்துக்குது! அப்புறம் எப்படிங்க அது வேற பொருள்?

இதுல இன்னொன்னு, ரெண்டுக்கும் கொதிநிலை ஒன்னு, அடர்த்தி ஒன்னு, ஐஆர் (இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம்) கூட ஒன்னுங்குறாங்க. எல்லாமே ஒன்னுன்னா எதுக்கு ரெண்டு பேரு? போலரைஸ்டு லைட்ட மட்டும் ஒன்னு இந்தப் பக்கம் திருப்புமாம், இன்னொன்னு அந்தப் பக்கம் திருப்புமாம். வெளிச்சத்துக்கு மட்டும் எப்படித் தெரியுது?

ஆர்னா வலப்பக்கம் சுத்துறது, பிளஸ்னாலும் வலப்பக்கம் திருப்புறது, அப்ப ஆர் எல்லாமே பிளஸ்தானே? என் பக்கத்துல உக்கார்ற கூட்டாளி ஆமாங்குறா, எனக்கு டவுட்டு. அப்புறம் டார்டாரிக் ஆசிட்ல நாலு வேற குரூப் உள்ள கார்பன் ரெண்டு இருக்கு, ஆனா அதுல ஒரு வகை லைட்ட திருப்பவே திருப்பாதாம், மீசோவாம். அப்ப அந்த ஒத்த வரி விதி பொய்யா?

டெஸ்ட் பக்கத்துல வருது. யாராச்சும் தமிழ்ல சொல்லுங்களேன் பிளீஸ்.


கையுறை_லேப்:

தங்கச்சி, பேப்பர திருப்பிப் பார்த்த பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. நான் கூலிம் பக்கம் ரப்பர் கையுறை ஃபேக்டரி லேப்ல இருக்கேன், கெமிஸ்ட்ரி படிச்சவன், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நீ வரைஞ்சது தட்டைப் படம். கார்பன் நிஜமாவே தட்டையா இருந்திருந்தா நீ சொல்றதுதான் சரி, திருப்பிப் போட்டா ரெண்டும் ஒன்னுதான், கைரல்னு ஒரு பாடமே இருந்திருக்காது. ஆனா நாலு பாண்டும் டெட்ராஹீட்ரலா நாலு மூலைக்குப் போகுது, நடுவுல 109.5 டிகிரி. இத 1874ல வான்ட் ஹாஃப், லெ பெல்னு ரெண்டு பேரு தனித்தனியா சொன்னாங்க, அப்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வழியே கிடையாது, எத்தன ஐசோமர் கிடைக்குதுன்னு எண்ணியே கண்டுபிடிச்சாங்க. கார்பன் தட்டைச் சதுரமா இருந்தா டைகுளோரோமெத்தேன் ரெண்டு வகை வரணும், ரெண்டு குளோரினும் பக்கத்துல பக்கத்துல இருக்குறது ஒன்னு, எதிரெதிரா இருக்குறது ஒன்னு. ஆனா யாருக்கும் ஒன்னுக்கு மேல கிடைச்சதே இல்ல. டெட்ராஹீட்ரல்னா ஒன்னுதான் வரும், கணக்கு சரியா உக்காருது.

இப்ப நீ செய்ய வேண்டியது: செம்பனை மட்டைல ஈர்க்குச்சி கிழிச்சு, நடுவுல ஒரு பிளாஸ்டிசின் உருண்டை, நாலு முனைல நாலு கலர் உருண்டை. அதே மாதிரி இன்னொன்னு, கண்ணாடில தெரியுற மாதிரி. இப்ப ஒன்னு மேல ஒன்ன பொருத்திப் பாரு. எந்த ரெண்டு கலர பொருத்தினாலும் மிச்சம் ரெண்டு இடம் மாறி நிக்கும், நீ எப்படி உருட்டினாலும் சரி. அப்புறம் ரெண்டு மாடல்லயும் ஒரு உருண்டைய எடுத்துட்டு பக்கத்துல இருக்குற கலரயே வை, அதாவது நாலுல ரெண்டு ஒரே கலர். இப்ப டக்குன்னு பொருந்திடும். அவ்வளவுதான் கைரல்ங்குறது: மிரர் இமேஜ் மேல பொருந்தாட்டி கைரல், பொருந்தினா இல்ல. நாலு வேற குரூப்ங்குறது அதக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி, அத டெஃபினிஷன் ஆக்கினதுதான் உன் நோட்ஸோட கோளாறு. பொய்ன்னு சொல்ல முடியாது, ஒரே ஒரு சென்டர், அதாவது நாலு வேற குரூப் உள்ள கார்பன் ஒன்னே ஒன்னு இருந்தா அது எப்பவுமே சரியா வரும், ரெண்டு மூணு ஆச்சுன்னா உறுதி இல்ல.

கொதிநிலை ஏன் ஒன்னுன்னா, ரெண்டு மாலிக்யூல்லயும் எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் உள்ள தூரம் அப்படியே ஒன்னு, கோணம் ஒன்னு. தனக்குன்னு இடம் வலம் இல்லாத எதுவும் இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. தெர்மாமீட்டருக்கு ஏது இடம் வலம்? வெளிச்சத்துக்கு இருக்கு. ஒரே தளத்துல ஆடுற போலரைஸ்டு லைட்ட, இடப்பக்கம் சுழல்றது ஒன்னும் வலப்பக்கம் சுழல்றது ஒன்னும் சமமா சேர்ந்ததுன்னு எழுதலாம். கைரல் பொருளுக்குள்ள போறப்ப அது ரெண்டும் ஒரே வேகத்துல போகாது, ஒன்னு கொஞ்சம் பின்தங்கிடும், வெளிய வந்து சேர்றப்ப தளம் சாய்ஞ்சிருக்கும். மிரர் இமேஜ்குள்ள போனா பின்தங்குறது மத்தது, அதனால அதே அளவு எதிர்ப்பக்கம் சாயும். ரெண்டையும் பாதிப் பாதி கலந்தா கழிஞ்சு ஜீரோ, அதுதான் ரேசிமிக்.

உன் கூட்டாளிகிட்ட சொல்லிடு, ஆர் வேற பிளஸ் வேற, சம்பந்தமே இல்ல. ஆர், எஸ்ங்குறது கான், இங்கோல்ட், பிரெலாக் மூணு பேரு போட்ட பேரு வைக்கிற விதி, பேப்பர்லயே போட்டுடலாம். அட்டாமிக் நம்பர் பெருசுக்கு முதல் இடம். உன் 2-பியூட்டனால்ல ஓஎச் ஒன்னு, எத்தில் ரெண்டு, மெத்தில் மூணு, எச் கடைசி. எத்தில், மெத்தில் ரெண்டும் கார்பன்ல தொடங்குது, அதனால அடுத்த படிக்குப் போற, அங்க எத்தில்ல இன்னொரு கார்பன் இருக்கு, மெத்தில்ல வெறும் எச் மட்டும், எத்தில் ஜெயிச்சிடுது. எச்-ச உன் கண்ணுக்குப் பின்னாடி தள்ளி வச்சுட்டு 1, 2, 3னு போனா கடிகார முள்ளு போற பக்கம் ஆர், எதிர்ப்பக்கம் எஸ். பிளஸ், மைனஸ் அப்படி இல்ல, லைட் எவ்வளவு திரும்புதுன்னு காட்டுற போலரிமீட்டர்ல வச்சு அளந்தாத்தான் தெரியும். ஆர் 2-பியூட்டனால் மைனஸ். எஸ் லாக்டிக் ஆசிட் பிளஸ், ஆனா அதயே சோடியம் உப்பா மாத்தினா மைனஸ் ஆயிடும், அந்த கைரல் கார்பன யாரும் தொடக்கூட இல்ல, இன்னமும் எஸ்தான். இந்த ஒரு உதாரணம் போதும் அவ வாய மூட.

பாஸ்டர் கதையையும் தெரிஞ்சுக்க, 1848ல அவரு சோடியம் அம்மோனியம் டார்டரேட் கிறிஸ்டல பார்த்தாரு, ஒன்னுக்கொன்னு மிரர் இமேஜா ரெண்டு தினுசு கலந்து கிடந்துச்சு, உக்காந்து கையாலயே பொறுக்கிப் பிரிச்சாரு, கரைச்சு அளந்தா ஒன்னு வலம் ஒன்னு இடம். இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, சுமார் 27 டிகிரிக்கு கீழ கிறிஸ்டல் ஆனாத்தான் அது ரெண்டு தினுசா தனித்தனியா வரும், அதுக்கு மேல போனா ரெண்டும் ஒரே கிறிஸ்டலுக்குள்ள கலந்துடும். நம்ம ஊரு வராந்தால வச்சுப் பார்த்திருந்தாருன்னா ஒன்னும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாரு லா.

மீசோவ யாராச்சும் எடுத்துக்கோங்க, நான் ஷிஃப்டுக்கு கிளம்பணும்.


பழைய_பால்வெட்டு:

வணக்கம் பிள்ளைங்களா. எனக்கு இந்த கெமிஸ்ட்ரிலாம் தெரியாது, பேத்தி போன்ல இந்தப் பக்கத்தக் காட்டுனா, இடம் வலம்னு பார்த்ததும் ஒன்னு சொல்லணும்னு தோணிச்சு, சரியா தப்பான்னு தம்பி சொல்லட்டும்.

நாங்க ரப்பர் மரத்துல பால் வெட்டுறப்ப கோடு எப்பவும் இடப்பக்கம் மேல இருந்து வலப்பக்கம் கீழ இறங்கும், ஒரு 30 டிகிரி சாய்வு. புதுசா வர்றவன் மாத்திப் போட்டான்னா கங்காணி பெரட்டுலயே (காலைல ஆள் கணக்கு எடுக்குற இடத்துலயே) வச்சு கிழிச்சு எடுத்துடுவாரு. ஏன்னு கேட்டா அந்தக் காலத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, அப்புறம் ஒரு கிராணிதான், தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு, சொன்னாரு, பட்டைக்குள்ள ஓடுற பால் குழாய் நேரா மேல போறது இல்ல, மேல போகப் போக வலப்பக்கம் லேசா சாய்ஞ்சு மரத்தச் சுத்துது, அதனால இடமிருந்து வலமா இறக்கி வெட்டினா நிறைய குழாய் அறுபடும், பால் பிடிக்கிற மங்குல பால் நிறையும். மாத்தி வெட்டினா அதே நீளம், அதே ஆழம், அதே கத்தி, ஆனா பால் குறையும். கண்ணாடில தெரியுற மாதிரி ஒரு மரம் இருந்துச்சுன்னா அதுக்கு எதிர்ப்பக்கம் வெட்டணும்.

நீங்க சொல்றது இதுதானா?


கையுறை_லேப்:

ஐயா, அதேதான். சுருளுக்கும் இடம் வலம் உண்டு, அதுவும் கைரல்தான், அதுல நாலு குரூப் கார்பன் எதுவும் தேவையே இல்ல. தங்கச்சி இத நல்லா கவனி, மரம் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்குறதாலதான் வெட்டோட பக்கம் முக்கியம் ஆகுது. குழாய் நேரா ஓடியிருந்தா எப்படி வெட்டினாலும் ஒரே அளவு பால்தான். உடம்புல இருக்குற என்சைம், ரிசெப்டர் எல்லாம் அமினோ ஆசிட்ல கட்டினது, கிளைசின் தவிர மத்த எல்லாம் கைரல், எல்லாமே எல் வகை, அதாவது ஒரே பக்கத்து வகை. அதனால அதுக்குள்ள போற மாலிக்யூல் இடமா வலமாங்குறது பெரிய விஷயமா ஆயிடுது.


பாடாங்செராய்_பொண்ணு:

ஈர்க்குச்சில செஞ்சு பார்த்துட்டேன் அண்ணே, தம்பியோட பிளாஸ்டிசின் காலி, ஆனா புரிஞ்சிடுச்சு!! ரெண்டு கலரு மாறியே நிக்குது. தாத்தா சொன்னத எங்க ஆயாகிட்ட கேட்டேன், அவங்களும் பால் வெட்டினவங்க, ஆமான்னு கையாலயே கோடு போட்டுக் காட்டுனாங்க.

ஒரு சந்தேகம். அப்ப அந்தப் பால்ல இருந்து வர்ற ரப்பரும் கைரலா? கிளாஸ்ல சிஸ்-னு என்னமோ சொன்னாங்க, அதுவும் ஸ்டீரியோஐசோமர் பாடத்துலதான் வருது.


கையுறை_லேப்:

ரப்பர் கைரல் இல்ல. ஆனா ஸ்டீரியோஐசோமர்தான், இந்த ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் குழப்பிக்காத. ஸ்டீரியோஐசோமர்ங்குறது பெரிய வீடு, எது எதோட ஒட்டியிருக்குங்குறது ஒன்னா இருந்து இடத்துல மட்டும் வேறுபட்டா எல்லாரும் அதுக்குள்ள வந்துடுவாங்க. அதுல மிரர் இமேஜ் ஜோடின்னா எனான்ஷியோமர். மிரர் இமேஜ் இல்லாத மிச்ச எல்லாரும் டயாஸ்டீரியோமர். சிஸ்-டிரான்ஸ் இந்த ரெண்டாவது கூட்டம்.

ரப்பர் பால்ல இருக்குறது சிஸ்-1,4-பாலிஐசோப்ரீன். ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு டபுள் பாண்டு, அது சுத்தாது, அதனால சங்கிலி அந்த இடத்துல ஒரே பக்கமா மடங்கி மடங்கிப் போகுது, அடுக்கி வைக்க முடியாம சுருண்டு கிடக்கும், இழுத்தா நீளும் விட்டா சுருங்கும். அதே ஐசோப்ரீன டிரான்ஸா கோத்தா என்ன வரும் தெரியுமா, கட்டாபெர்ச்சா. அதுவும் நம்ம மண்ணு மரம்தான், மலாய்ல தாபான்னு சொல்வாங்க, ரப்பர் மரம் பிரேசில்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே இங்க காட்டுல இருந்தது. டிரான்ஸ்ல சங்கிலி நேராப் போகும், ஒன்னோட ஒன்னு நெருக்கி அடுக்கிக் கிறிஸ்டல் ஆயிடும், அதனால கட்டியா இருக்கும், சுடுதண்ணில போட்டா இளகும், ஆறினா திரும்ப இறுகும். 1851ல இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல கடலடில தந்திக் கம்பி போட்டப்ப அதுக்கு மேல சுத்தினது இதுதான். இப்பவும் பல் டாக்டர் ரூட் கெனால் பண்றப்ப உள்ள அடைக்கிறது இதுதான். ஒரே அணு, ஒரே வரிசை, ஒன்னுல கையுறை செய்றோம், இன்னொன்னுல செஞ்சா மாட்டவே முடியாது.

இதுல ரெண்டுக்கும் உருகுநிலை, கடினம் எல்லாம் வேற வேறயா இருக்குறத கவனிச்சியா? டயாஸ்டீரியோமர்னா அப்படித்தான், அணுக்களுக்கு நடுவுல தூரமே மாறிடுது. செம்பனை எண்ணெய்லயும் பாரு, அதுல நிறைய இருக்குற ஒலியிக் ஆசிட் சிஸ், 13 டிகிரி சுமாருக்கே உருகிடும். அதோட டிரான்ஸ் எலைடிக் ஆசிட், 45 டிகிரி பக்கம் போகணும். டிரான்ஸ் ஃபேட் டிரான்ஸ் ஃபேட்னு பாக்கெட்ல போடுறாங்களே, அந்த டிரான்ஸ் இதுதான்.

எண்ணெய்ல கைரலும் ஒளிஞ்சிருக்கு, இது டெஸ்ட்டுக்கு இல்ல, சும்மா சொல்றேன். எண்ணெய்ல கொழுப்பு ஆசிட் எல்லாம் ஏறி உக்கார்ற கிளிசரால் கைரல் இல்ல, நடுக் கார்பன்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆனா ஒரு முனைல பால்மிட்டிக், மறு முனைல ஒலியிக் ஏறினா ரெண்டு பக்கமும் வேற வேற, நடுக் கார்பன் கைரல் ஆயிடும். போலரிமீட்டர்ல வச்சா ஒன்னும் அசையாது, ஏன்னா ரெண்டு சங்கிலியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வித்தியாசம் ரொம்பத் தூரத்துல இருக்கு. கைரல்னா கண்டிப்பா பெரிய ரொட்டேஷன் வரணும்னு கட்டாயம் இல்ல.


கிளினிக்_மருந்துக்கவுண்டர்:

சும்மா படிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன், எங்க ஷெல்ஃப்ல பாதி இந்தப் பாடம்தான், அதனால நானும் நாலு வரி.

இருமல் மருந்துல டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான்னு போட்டிருக்கும் பாருமா, அந்த டெக்ஸ்ட்ரோ சும்மா இல்ல, அதோட மிரர் இமேஜ் லெவோமெத்தோர்ஃபான் பலமான ஓபியாய்டு, உலக அளவுல கட்டுப்பாட்டுல இருக்குற போதை வகை. ஒரே ஃபார்முலா, ஒரே கொதிநிலை, ஒன்னு சளிக்கு வர்ற புள்ளைக்குக் குடுக்குறது, இன்னொன்னு தொடவே கூடாதது. பார்கின்சனுக்கு லெவோடோபா, தைராய்டுக்கு லெவோதைராக்சின், எல்லாம் ஒரு பக்கம் மட்டும்தான். அந்த லெவோடோபாவ ஒரு பக்கமா மட்டும் ஃபேக்டரில செய்ய வழி கண்டுபிடிச்ச நோல்ஸுக்கு 2001ல நோபல் குடுத்தாங்க, நோயோரி, ஷார்ப்லெஸ் ரெண்டு பேரோட சேர்த்து.

ஐபுப்ரோஃபென் வேற மாதிரி. வலிக்கு வேலை செய்றது எஸ்தான், ஆனா ரேசிமிக்காவே விக்கிறாங்க, ஏன்னா உடம்பே ஆர்-ல பெரும்பகுதிய எஸ்ஸா மாத்திக்குது. கேஸ்ட்ரிக்குக் குடுக்குற ஓமெப்ரசோல் இன்னும் வேடிக்கை, அதுல கைரல் சென்டர் கார்பனே இல்ல, சல்ஃபர். மூணு பக்கம் மூணு குரூப், நாலாவது இடத்துல லோன் பேர், அதாவது பாண்டுல சேராத எலக்ட்ரான் ஜோடி, உக்காந்திருக்கு. அதோட எஸ்-ச மட்டும் பிரிச்சுத்தான் எசோமெப்ரசோல்னு தனி மாத்திரையா விக்கிறாங்க.

தாலிடோமைட் பத்தி எல்லா புத்தகத்துலயும் பாதிக் கதைதான் போடுறாங்க, அது எனக்கு எரிச்சலா இருக்கும். 1957ல ஜெர்மனில வித்தாங்க, கர்ப்பிணிங்களுக்கு குமட்டலுக்குக் குடுத்தாங்க, 1961ல நிறுத்துறதுக்குள்ள பத்தாயிரத்துக்கும் மேல புள்ளைங்க கை கால் வளராம பிறந்துச்சுங்க. எஸ்தான் கெடுதல், ஆர் மட்டும் குடுத்திருந்தா தப்பிச்சிருக்கலாம்னு எழுதுவாங்க. அப்படி இல்லமா. அந்த மாலிக்யூல்ல கைரல் கார்பன்ல இருக்குற எச் ஒரு கார்போனில் பக்கத்துல இருக்கு, உடம்புக்குள்ள போனதும் அது கழண்டு திரும்ப ஒட்டிக்கும், ஆர் எஸ்ஸாவும் எஸ் ஆராவும் மாறிக்கிட்டே இருக்கும். சுத்தமான ஆர் குடுத்திருந்தாலும் காப்பாத்தி இருக்காது.

வாசனையும் அப்படித்தான், மூக்குலயும் ரிசெப்டர்தானே. லிமாவ் பூருட் (காஃபிர் லைம்) இலைய கிழிச்சா வர்ற வாசனைக்கு எஸ் சிட்ரோனெலல்ங்குற ஆல்டிஹைடு. கொசுக்குக் கொளுத்துற சிட்ரோனெல்லா எண்ணெய்ல பெரும்பாலும் ஆர்.


ஓய்வு_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

மீசோவ யாரும் தொடல, நான் வர்றேன். பல வருஷம் ஆறாம் படிவத்துக்குப் பாடம் எடுத்தவ, மார்க் எங்க போகுதுன்னு தெரியும்.

டார்டாரிக் ஆசிட், நம்ம புளில இருக்குற அதே ஆசிட்தான், நடுவுல ரெண்டு கார்பன், ஒவ்வொன்னுலயும் ஓஎச், எச், சிஓஓஎச், அப்புறம் மறுபாதி. ரெண்டு சென்டருக்கு ரெண்டு பெருக்கல் ரெண்டு நாலுன்னு எல்லாரும் போடுவீங்க. ஆர்ஆர், எஸ்எஸ், ஆர்எஸ், எஸ்ஆர். புளில இருக்குறது ஆர்ஆர். அதோட மிரர் இமேஜ் எஸ்எஸ், இது ரெண்டும் நல்ல எனான்ஷியோமர் ஜோடி. இப்ப ஆர்எஸ்ஸ எடு. அதோட மிரர் இமேஜ் எஸ்ஆர். ஆனா மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி குரூப்தானே, எஸ்ஆர தலைகீழா திருப்பினா ஆர்எஸ். அதாவது மிரர் இமேஜ் மேல பொருந்திடுச்சு, அப்ப கைரல் இல்ல, கதை முடிஞ்சது. கையுறை தம்பி முதல்லயே சொன்ன டெஃபினிஷன்தான், அத விடாம பிடிச்சுக்க. நடுவுல ஒரு சமச்சீர் தளம் ஓடுது, மேல் பாதி வலப்பக்கம் திருப்புறத கீழ் பாதி இடப்பக்கம் திருப்பிக் கழிச்சிடுது. மொத்தம் மூணுதான், நாலு இல்ல.

ரேசிமிக்கும் ஜீரோ, மீசோவும் ஜீரோ, அதனால ரெண்டும் ஒன்னுன்னு எழுதி வருஷா வருஷம் மார்க் விடுறாங்க. ரேசிமிக்ங்குறது ரெண்டு பொருளோட கலவை, பாஸ்டர் பண்ண மாதிரி பிரிக்கலாம். மீசோ ஒரே பொருள், அதுக்குள்ள பிரிக்க ஒன்னும் இல்ல.

நம்ம சூடமும் இதுக்கு நல்ல உதாரணம், எந்த நோட்ஸ்லயும் போட மாட்டாங்க. கற்பூரத்துல கைரல் கார்பன் ரெண்டு, கணக்குப்படி நாலு வரணும், ஆனா ரெண்டுதான். இது மீசோவால இல்ல. அந்த ரெண்டு கார்பனயும் ஒரு பாலம் சேர்த்துக் கட்டியிருக்கு, ஒன்னு ஆர்னா மத்தது எப்படி நிக்கணும்னு பாலமே முடிவு பண்ணிடுது, மிச்ச ரெண்டும் அவ்வளவு சின்ன வளையத்துல கட்டவே முடியாது. மரத்துலேர்ந்து எடுக்குற கற்பூரம் லைட்ட வலப்பக்கம் திருப்பும், டர்பென்டைன்லேர்ந்து செய்றது ரேசிமிக்கா இருக்கும். தைலத்துல இருக்குற மெந்தால்ல பாலம் கிடையாது, சென்டர் மூணு, எட்டு ஐசோமரும் நிஜமாவே உண்டு, நல்லா ஜில்லுன்னு இருக்குறது மைனஸ் மெந்தால். ஆக 2 பவர் என் (என்னா சென்டர் எண்ணிக்கை)ங்குறது அதிகபட்சம், அவ்வளவுதான், விடைல "மேக்ஸிமம்"னு எழுது.

பரீட்சைல எனான்ஷியோமர் வரைய சொன்னா தட்டையா சிலுவை போட்டுட்டு வராத. ரெண்டு சாதாக் கோடு, உன்னப் பார்த்து வர்ற பாண்டுக்கு ஒரு வெட்ஜ் (ஆப்பு மாதிரி தடிச்ச கோடு), பின்னாடி போறதுக்கு ஒரு டேஷ் (விட்டு விட்டுப் போற கோடு), நடுவுல கண்ணாடிக்குப் புள்ளிக்கோடு, மறுபக்கம் அப்படியே பிரதிபலிப்பு. வெட்ஜ் வெட்ஜாவே இருக்கணும், இடம் வலம் மட்டும் மாறணும். இடம் வலத்தையும் மாத்தி வெட்ஜ் டேஷையும் மாத்துனா ரெண்டு தடவ மாத்துன மாதிரி, பழைய மாலிக்யூலே திரும்ப வந்துடும். ஆர் எஸ் போடுறப்ப எச் வெட்ஜ்ல உன்னப் பார்த்து நின்னா, மாலிக்யூல திருப்பி மண்டையப் பிச்சுக்காத, இருக்குற மாதிரியே சுத்திப் பார்த்துட்டு விடைய மாத்திப் போடு.

இன்னொன்னு அடிக்கடி வரும்: எத்தனல்ங்குற ஆல்டிஹைடோட (ஆல்கஹால் எத்தனால் இல்ல) எச்சிஎன், அதாவது ஹைட்ரஜன் சயனைடு சேர்த்தா வர்ற 2-ஹைட்ராக்சிபுரோப்பேன்நைட்ரைல்ல கைரல் கார்பன் இருக்கு, ஆனா கிடைச்ச பொருள் லைட்ட திருப்பல, ஏன்? கார்போனில் கார்பன் தட்டை, சயனைடு மேல இருந்தும் வரலாம் கீழ இருந்தும் வரலாம், ரெண்டுக்கும் ஒரே வாய்ப்பு, அதனால பாதிப் பாதி. "ரேசிமிக்"னு மட்டும் எழுதினா ஒரு மார்க்தான், தட்டை, ரெண்டு பக்கம், சம வாய்ப்பு மூணும் வரணும். புரோப்பனோன்ல இதே ரியாக்ஷன் பண்ணா ரெண்டு மெத்தில் வந்துடும், கைரலே இல்ல, அங்க போயி ரேசிமிக்னு எழுதாத.


பாடாங்செராய்_பொண்ணு:

டீச்சர், அக்கா, அண்ணே, தாத்தா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூட்டாளிகிட்ட லாக்டிக் ஆசிட் சொன்னேன், பேச்சு மூச்சே இல்ல.

பயிற்சில ஒரு கணக்கு: 2,3-டைகுளோரோபியூட்டேன், 3-குளோரோபியூட்டன்-2-ஓல், ரெண்டுக்கும் எத்தன ஸ்டீரியோஐசோமர்? முதலாவதுக்கு மூணு போட்டேன், மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்னா இருக்கு, ஆர்எஸ் மீசோ ஆயிடும். ரெண்டாவதுக்கு நாலு, ஏன்னா ஒரு பக்கம் குளோரின் ஒரு பக்கம் ஓஎச், தலைகீழா திருப்பினாலும் பொருந்தாது. சரியா? அப்ப அந்த நாலுல ஆர்ஆருக்கும் ஆர்எஸ்ஸுக்கும் நடுவுல என்ன உறவு?


ஓய்வு_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

ரெண்டும் சரி, காரணமும் சரி. மிரர் இமேஜ்ல எல்லா சென்டரும் மாறணும், ஆர்ஆருக்கு ஜோடி எஸ்எஸ் மட்டும்தான், ஆர்எஸ்ஸுக்கு ஜோடி எஸ்ஆர். ஒன்னு மாறி ஒன்னு மாறாம நின்னா அது டயாஸ்டீரியோமர், அதனால ஆர்ஆருக்கும் ஆர்எஸ்ஸுக்கும் கொதிநிலை ஒன்னா இருக்கணும்னு அவசியம் இல்ல, சாதாரண டிஸ்டிலேஷன், குரோமட்டோகிராஃபி வச்சே பிரிச்சுப் பார்க்கலாம். ஆர்ஆர எஸ்எஸ்லேர்ந்து அப்படிப் பிரிக்க முடியாது, கைரலா இன்னொரு பொருள உள்ள கொண்டு வரணும், அது உன் சிலபஸ்ல இல்ல, விட்டுடு.